பழைய போத்தலும் புதிய போத்தலும்: தோல் வாசனைக் கொலோன் ஒன்றைக் கொழும்பில் ஒப்பிட்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் மாமியின் வீட்டு அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, மாமா சவூதியில் வேலை செய்த காலத்துக் கோட்டு ஒன்றின் அடியிலிருந்து பழுப்பு நிறப் பெட்டியொன்று வெளிப்பட்டது. உள்ளே இருந்தது அராமிஸ், பதனிட்ட தோலின் மணத்தை நினைவூட்டும் ஆண்களுக்கான கொலோன், உள்ளங்கையில் ஊற்றிப் பூசும் வகைப் போத்தல். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எஞ்சியது கடுஞ்சாயத் தேநீரின் நிறத்தில் இருந்தது. “உதை எறியத்தான் எடுத்து வைச்சனான். வேணுமெண்டால் கொண்டு போ, தம்பி” என்றார் மாமி.

அதே வாரத்தில் புதிய போத்தலொன்றை வாங்கி இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். பழையது இருண்டு, கனத்து, பிசினும் புகையுமாக எழுந்தது. புதியதோ தோடம்பழத் தோலைக் கிள்ளியது போன்ற பளபளப்போடு மெலிந்து தெரிந்தது. கலவையைக் கெடுத்துவிட்டார்கள் என்று அன்றே முடிவு கட்டினேன். அந்த முடிவு எவ்வளவு அவசரமானது என்பது, நுவரெலியாவில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் வீட்டில் ஏறக்குறைய அதே காலத்துப் போத்தலொன்றை முகரக் கிடைத்தபோதுதான் விளங்கியது. குளிர்ந்த ஊரில், இருட்டு அறையில், பெட்டிக்குள்ளேயே இருந்த அந்தப் போத்தல், வெள்ளவத்தைப் போத்தலைவிடக் கடையில் வாங்கிய புதிய போத்தலுக்கே நெருக்கமாக மணந்தது. நான் கலவை மாற்றத்தின் மீது சுமத்திய பழியில் பெரும்பகுதி கொழும்பின் வெக்கைக்கு உரியது. எஞ்சிய பகுதி மட்டுமே உண்மையான மாற்றம். இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கும் முறையைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். அராமிஸையே எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், வியன்னாவின் தையல் நிறுவனமொன்று 1924இல் வெளியிட்ட க்னிஷே டென், ஜெர்மேன் செலியே 1944இல் உருவாக்கிய பாண்டி போன்ற மற்றத் தோல் வாசனைகளுக்கும் இம்முறை அப்படியே பொருந்தும்.

முதற்படி: தோல் வாசனை எங்கிருந்து வருகிறது என்று அறிதல்

கொலோன் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது காய்ச்சலுக்கு நெற்றியில் நனைத்து வைக்கும் ஓடிக்கொலோன்தான். அது ஜெர்மனியின் கொலோன் நகரத்து மரபில் வந்த, எலுமிச்சை இனப் பழத்தோல்களை முதன்மையாகக் கொண்ட மெல்லிய நீர். அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். அமெரிக்கர்கள் அதே சொல்லை ஆண்களுக்கான சென்ட் எல்லாவற்றுக்கும் பொதுவாக வழங்கிவிட்டார்கள். ஆகவே அராமிஸின் பழைய பெட்டியில் கொலோன் என்று இருப்பதைப் பார்த்து ஓடிக்கொலோனை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

தோல் வாசனை தோலிலிருந்து வடித்தெடுக்கப்படுவதும் அன்று. பிரான்சின் கிராஸ் நகரில் ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொழில் ஓங்கியிருந்தது. பதனிட்ட தோலின் கெட்ட நெடியை மறைப்பதற்காகக் கையுறைகளுக்கு வாசனை ஏற்றிய கைவினைஞர்களிடமிருந்துதான் அந்நகரின் வாசனைத் தொழில் வளர்ந்தது. பின்னர் வாசனையிலேயே தோலை நினைவூட்ட வேண்டும் என்ற ஆசை வந்தபோது, அதற்கு மூன்று வழிகள் பயன்பட்டன. பேர்ச் மரத்துப் பட்டையைக் காற்றுப் படாமல் சுட்டு எடுக்கும் தார் புகைந்த தோலின் நெடியைத் தந்தது. ரஷ்யத் தோல் என்று பெயர் பெற்ற மணத்தின் உயிர்நாடி அதுவே. நீர்நாயை ஒத்த பீவர் என்னும் விலங்கின் சுரப்பியிலிருந்து பெறப்பட்ட கஸ்டோரியம் விலங்கின் வெப்பத்தைச் சேர்த்தது. ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள் கசப்பும் பசுமையும் கலந்த, புதிய றப்பரையும் பிடுங்கிய வேரையும் ஒருங்கே நினைவூட்டும் மணத்தைக் கொடுத்தது. பாண்டியில் உறுமுவதும், பெர்னார் ஷான் 1959இல் கிரே நிறுவனத்துக்குச் செய்த கபோஷாரிலும், அதே கலைஞர் 1960களில் அமெரிக்க அழகுசாதன நிறுவனமான எஸ்டே லோடர் குழுமத்துக்குச் செய்த அராமிஸிலும் கசந்து நிற்பதும் இந்தக் குயினோலின்தான்.

இந்த மணங்களை நேரே அறியாமல் ஒப்பீட்டில் இறங்கக் கூடாது. அதற்கு வெளிநாட்டு மூலப்பொருள் எதுவும் தேவையில்லை. புறக்கோட்டைப் பலசரக்குக் கடையொன்றில் சிறிது கல்பாசி வாங்கி, நசுக்கி, இளஞ்சூடான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து முகர்ந்து பாருங்கள். வாசனைத் தொழிலில் ஓக் பாசி என்று சொல்லப்படும் எவர்னியா உண்மையில் பாசி அன்று, பூஞ்சையும் அல்காவும் கூடி வாழும் லைக்கன். நம் கல்பாசியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஈர மரம், மண், மை ஆகிய மூன்றும் கலந்த அந்தக் கருமைதான் பழைய தோல் வாசனைகளின் அடித்தளம். அத்தர் கடையில் பச்சோலித் தைலமும் வெட்டிவேர்த் தைலமும் ஒவ்வொரு துளி கடதாசியில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு சொற்களும் நம் மொழியிலிருந்தே உலகத்துக்குப் போனவை: வெட்டிவேர் ஐயத்துக்கிடமின்றி, பச்சோலி பச்சை இலை என்பதிலிருந்து வந்ததாகப் பெரும்பாலோர் கொள்வர். கடைசியாக, புதிய தோல் சப்பாத்து ஒன்றின் உட்புறத்தை முகருங்கள். இவ்வளவும் மூக்கில் பதிந்த பிறகு, போத்தலில் எது கூடியது, எது குறைந்தது என்பதைப் பெயர் சொல்லிக் குறிக்க முடியும்.

இரண்டாம் படி: பழைய போத்தலைத் தேடுதல்

கொழும்பில் பழைய போத்தல்கள் கடைகளில் இல்லை, அலுமாரிகளில் இருக்கின்றன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் விமான நிலையக் கடைகளில் வாங்கி வந்த சென்ட் போத்தல்கள், “நல்லது கெட்டதுக்குப் போடலாம்” என்று எடுத்து வைக்கப்பட்டு, போடப்படாமலேயே கிடக்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள உறவினர்களிடம் கேட்பதே முதல் வேலை. கேட்கும்போது பெட்டியையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள், ஏனெனில் பெட்டியில்லாத போத்தலின் வயதை உறுதியாகச் சொல்வது கடினம்.

இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. மதுசாரம் கலந்த திரவம் தீப்பற்றக்கூடியது என்பதால் விமான அஞ்சலில் கட்டுப்பாடுகள் உண்டு. அதைவிட முக்கியமாக, அந்தப் போத்தல் எந்த அறையில் எத்தனை கோடைகளைக் கழித்தது என்பதை அறிய வழியே இல்லை.

மூன்றாம் படி: வயதைக் கணித்தல்

இது பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. போத்தலின் அடியிலும் பெட்டியின் அடியிலும் தொகுதி இலக்கம் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் போத்தலும் பெட்டியும் கூடப்பிறந்தவை என்று கொள்ளலாம். எஸ்டே லோடர் குழுமத்தின் தயாரிப்புகளில் இது பெரும்பாலும் மூன்று குறிகளாக இருக்கும். முதலாவது தொழிற்சாலையைக் குறிக்கும். இரண்டாவது மாதத்தைக் குறிக்கும். செப்டெம்பர் வரை இலக்கமும், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகியவற்றுக்கு ஏ, பி, சி என்ற எழுத்துகளும் வரும். மூன்றாவது, ஆண்டின் கடைசி இலக்கம். மாமியின் வீட்டுப் போத்தலில் நடுவில் 4உம் கடைசியில் 7உம் இருந்தன. அதாவது ஏதோ ஒரு 7இல் முடியும் ஆண்டின் ஏப்ரல் மாதம். அது 1987ஆ, 1997ஆ, 2007ஆ என்பதை இலக்கம் தனியே சொல்லாது.

அங்கேதான் பெட்டியின் எழுத்துகள் கைகொடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997 முதல் அழகுசாதனப் பொருட்களில் உள்ளடக்கப் பட்டியல் அச்சிடுவது கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் அத்தகைய பட்டியல் 1977 முதலே உண்டு என்றாலும், வாசனைப் பொருட்கள் அனைத்தும் ஒரே சொல்லில் அடக்கப்பட்டிருக்கும். 2005 மார்ச்சுக்குப் பிறகு ஐரோப்பியச் சந்தைக்கான பெட்டிகளில், ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டி வந்தது. லினலோல், லிமொனீன், கூமரின் போன்ற பெயர்கள் நீண்ட வரிசையாக அச்சிடப்பட்டிருந்தால் அது 2005க்கு அண்மையதோ பிந்தியதோ என்று கொள்ளுங்கள். மாமியின் பெட்டியில் இத்தகைய வரிசை கிடையாது; கோடுகளாலான பார்கோடும் கிடையாது; மதுசாரத்தின் பெயர் எஸ்டி அல்ககோல் என்ற பழைய அமெரிக்க முறையில் இருந்தது. மாமா 1990இல் ஊர் திரும்பினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் 1987 என்பதே பொருந்துகிறது. குடும்பத்தின் நினைவும் ஒரு சான்றுதான். அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். கொலோன், ஓ டி டொய்லெட், ஆஃப்டர் ஷேவ் என்று ஒரே பெயரில் மூன்று செறிவுகள் விற்கப்பட்டன. பழைய ஆஃப்டர் ஷேவைப் புதிய ஓ டி டொய்லெட்டோடு வைத்து ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாடு செறிவின் வேறுபாடு மட்டுமே. சரியான இணை கிடைக்காவிட்டால், வாசனையின் பலத்தையும் நீடிப்பையும் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல், மணத்தின் வடிவத்தை மட்டும் ஒப்பிட வேண்டும்.

நான்காம் படி: பழைய போத்தலின் உடல்நிலையைப் பார்த்தல்

முகர்வதற்கு முன் போத்தலின் வெளிப்புறத்தை மதுசாரம் நனைத்த பஞ்சினால் நன்றாகத் துடையுங்கள். மாமியின் அலுமாரியில் நப்தலீன் உருண்டைகள் இருந்தன. கண்ணாடியின் மீதும் மூடியின் புரியிலும் படிந்திருந்த அந்த நெடியை முதல் நாள் நான் கொலோனின் மணம் என்றே எண்ணிவிட்டேன். மூடியைக் கழற்றி, கழுத்தையும் புரியையும் தனித்தனியே துடைத்து, பத்து நிமிடம் திறந்து வைத்த பிறகுதான் உள்ளிருப்பதன் மணம் தெளிவாக வந்தது.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிறத்தைப் பாருங்கள். நிறம் கறுத்திருப்பது மட்டும் கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று. வனிலின் போன்ற பொருட்கள் இயல்பாகவே காலப்போக்கில் பழுப்பேறும். கலங்கலும் மிதக்கும் துகள்களுமே கவலைக்குரியவை. அடுத்து, திரவ மட்டத்தைப் பாருங்கள். போத்தலுக்குள் காற்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கு ஒட்சிசன் வேலை செய்திருக்கும். பழத்தோல் எண்ணெய்களில் நிறைந்துள்ள லிமொனீன் முதலில் ஒட்சியேறும். அப்போது எலுமிச்சைப் புத்துணர்ச்சி போய், நகப்பூச்சு நீக்கியையோ பழைய வார்னிஷையோ ஒத்த ஒரு நெடி முன்னே வரும். அந்த நெடி முதல் ஐந்து நிமிடத்துக்குள் விலகிவிட்டால் போத்தல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அரை மணி நேரம் கழித்தும் நின்றால் அதை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒட்சியேறிய லிமொனீன் தோலில் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியது என்பதால், பழைய திரவத்தை உடம்பில் பூசும் முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி இட்டு ஒரு நாள் காத்திருப்பது அவசியம்.

ஐந்தாம் படி: புதியதை வாங்குதல்

நம்பகமான கடையில், முத்திரை உடையாத பெட்டியில், தொகுதி இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 2022 ஆகஸ்டில் இறக்குமதி நிறுத்தப்பட்ட ஏறத்தாழ 300 பொருட்களில் வாசனைத் திரவியங்களும் இருந்தன. அக்காலத்தில் வெளிச்சமான தட்டுகளில் நெடுநாள் நின்ற போத்தல்கள் புதியவை என்ற பெயரில் கைமாறியதுண்டு. எனக்கும் ஒருமுறை அப்படியொரு போத்தல் வந்தது. கடையைக் குறை சொல்வதைவிட, இலக்கத்தைப் பார்க்கும் பழக்கத்தை அதிலிருந்து ஏற்படுத்திக்கொண்டேன்.

ஆறாம் படி: ஒப்பீடு செய்யும் நாள்

காலை ஆறு மணி முதல் எட்டு மணிக்குள் தொடங்குவது நல்லது. அதற்குப் பிறகு காலி வீதியின் டீசல் புகையும், அயல்வீடுகளின் தாளிதமும், கடற்காற்றும் சேர்ந்து மூக்கைக் களைப்பாக்கிவிடும். தேநீர் குடிக்கும் முன், சவர்க்காரமில்லாத வெறும் நீரில் கைகளைக் கழுவி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். மின்விசிறியின் கீழ் முதல் வாசனை வழக்கத்தைவிட வெகுவிரைவில் பறந்துவிடும்.

தடித்த வரைதல் கடதாசியை விரலளவு அகலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பாமசியில் வாங்கிய ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளால் ஒவ்வொரு திரவத்திலும் சம அளவு, 0.1 மில்லிலீற்றர், எடுத்துக் கடதாசியின் நுனியில் இடுங்கள். ஊற்றும் போத்தலையும் விசிறும் போத்தலையும் அப்படியே பயன்படுத்தினால் அளவு ஒருபோதும் சமமாகாது. நான் செய்த முதல் ஒப்பீடு பாழானதற்கு இதுவும் ஒரு காரணம். கடதாசிகளின் மறுநுனியில் வீட்டார் ஒருவரைக் கொண்டு உங்களுக்குத் தெரியாத அடையாளம் இடச் செய்யுங்கள். எது பழையது என்று தெரிந்தே முகர்ந்தால், பழையதன் பக்கம் மனம் சாய்ந்துவிடும். மாமாவின் கோட்டும் அவர் கொண்டுவந்த தொபிப் பெட்டியும் நினைவில் இருக்கும் ஒருவருக்கு நடுநிலை தானாக வாராது.

முகரும் நேரங்களைக் கடைப்பிடியுங்கள்: இட்ட உடனே, பத்தாம் நிமிடம், முப்பதாம் நிமிடம், இரண்டு மணி நேரம், ஐந்து மணி நேரம், மறுநாள் காலை. ஒவ்வொரு முறையும் மூன்று சொற்களுக்கு மிகாமல் கொப்பியில் எழுதுங்கள். உடனடி முகர்வைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்காதீர்கள். பழைய போத்தலில் முதலில் கெடுவது முதல் வாசனைதான். ஆகவே கலவை மாற்றத்தைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வதும் அந்த முதல் பத்து நிமிடங்களே. இரண்டாம் மணி நேரத்திலிருந்துதான் கடதாசி பேசத் தொடங்கும்.

இரண்டாவது நாள் இதையே தோலில் செய்யுங்கள், இடது முன்கையில் ஒன்று, வலது முன்கையில் ஒன்று. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைச் சுற்றி நிற்கும் நம் நகரத்தின் ஈரப்பதத்தில் வியர்வை விரைவில் கலந்துவிடும் என்பதால் தோலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள்.

ஏழாம் படி: வேறுபாடுகளைப் பிரித்து வாசித்தல்

கொப்பியில் இப்போது ஒரு வேறுபாட்டுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது காலத்தின் வேலையா, கலவையின் வேலையா?

இதற்கு எனக்குப் பெரிதும் உதவிய சோதனை ஒன்று உண்டு. புதிய போத்தலிலிருந்து 5 மில்லிலீற்றரை 10 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, பாதி காற்றோடு இறுக மூடி, அடுப்புக்கும் சுடருக்கும் தொலைவில், படுக்கையறை அலுமாரியின் உச்சியில் மூன்று மாதம் வைத்தேன். மார்ச் முதல் மே வரையிலான வெக்கை அது. பிறகு அதைத் திறந்து, புதிய போத்தலோடும் மாமியின் வீட்டுப் போத்தலோடும் மூன்று கடதாசிகளாக வைத்து முகர்ந்தேன். எலுமிச்சைப் பளபளப்பு மங்கியிருந்தது, பச்சிலைக் காரம் மழுங்கியிருந்தது, பிசின் தன்மை முன்னே வந்திருந்தது. பழைய போத்தலின் ஆழம் என்று நான் போற்றிய குணங்களில் மூன்றில் இரண்டை, கலவையில் எந்த மாற்றமும் செய்யாத புதிய திரவமே அலுமாரியின் உச்சியில் பெற்றுவிட்டது. வெக்கையில் வைத்த மாதிரி எந்தத் திசையில் நகர்கிறதோ, அந்தத் திசையிலுள்ள வேறுபாடுகளைக் காலத்தின் கணக்கில் எழுதுங்கள்.

எஞ்சியவை கலவையின் கணக்கு. எனக்கு எஞ்சியது ஐந்தாம் மணி நேரத்திலும் மறுநாள் காலையிலும் தெரிந்தது. வெள்ளவத்தை, நுவரெலியா ஆகிய இரண்டு பழைய போத்தல்களிலும் கல்பாசி ஊறிய நீரின் மை போன்ற கருமை கடதாசியில் நின்றது. புதியதிலும் வெக்கையில் வைத்த புதியதிலும் அந்த இடத்தில் உலர்ந்த, தூய்மையான மர மணமே இருந்தது. குயினோலினின் கசப்பு நான்கிலும் கேட்டது. தோல் போகவில்லை, தோலுக்கு அடியிலிருந்த ஈர நிலம்தான் சுருங்கிவிட்டது.

அதற்கான காரணம் வெளிப்படையானது. ஓக் பாசியில் அட்ரனோல், குளோரோஅட்ரனோல் என்ற இரண்டு பொருட்கள் உள்ளன. இவை தோல் ஒவ்வாமையைத் தூண்டுபவை. 1973இல் நிறுவப்பட்ட, இஃப்ரா எனச் சுருக்கமாக வழங்கும் சர்வதேச வாசனைப் பொருள் சங்கம், தோலில் தங்கும் தயாரிப்புகளில் பாசிச் சாற்றை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இயற்றிய விதியால், இவ்விரு பொருட்களில் ஒன்றேனும் சேர்ந்த புதிய தயாரிப்புகளைச் சந்தைக்கு விடுவது 2019 ஆகஸ்ட் முதலும், விற்பனைக்கு வைத்திருப்பதே 2021 ஆகஸ்ட் முதலும் தடைப்பட்டது. இன்று பயன்படும் பாசிச் சாறு இவற்றை நீக்கிச் சுத்திகரிக்கப்பட்டது. பேர்ச் தாரும் அப்படியே. அதன் கச்சா வடிவில் தீங்கான பல்வளைய ஐதரோகாபன்கள் இருப்பதால் சுத்திகரித்த வடிவமே அனுமதிக்கப்படுகிறது. புகையின் முரட்டுத்தனம் அதோடு சேர்ந்து குறைகிறது. கழுத்தில் தடிப்பும் அரிப்பும் வந்து அவதிப்படுபவரை நேரில் பார்த்தவர் இந்த விதிகளைச் சினந்து பேசமாட்டார். அதே வேளை, அந்தக் கருமை போனது ஓர் இழப்பே என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

எட்டாம் படி: இரண்டையும் காத்து வைத்தல்

பழைய போத்தலில் எஞ்சியதை அதே போத்தலில் விடாதீர்கள். 5 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிகளில் கழுத்து வரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடி, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி, கறுப்புத் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் குப்பிகள் ஆகா. குளியலறையும் வாகனத்தின் டாஷ்போர்டும் சென்டுக்கு மிக மோசமான இடங்கள். வெளிச்சம் புகாத அலுமாரியின் கீழ்த்தட்டு போதும். குளிர்சாதனப் பெட்டியில் இடமிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் இறுக மூடிய டப்பாவுக்குள், கருவாட்டுக்கு எட்டாத தட்டில்.

அணிவதைப் பொறுத்தவரை, கொழும்பின் பகலில் நான் புதியதையே அணிகிறேன், சட்டைக்கு உள்ளே மார்பில் ஒரேயொரு முறை விசிறி. பழையது மழை பெய்து ஓய்ந்த மாலைகளுக்கு, இரண்டு துளி மட்டும், கைக்குட்டையில். மாமியின் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கைக்குட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்கிறேன். அவர் அதை வாங்கி ஒருமுறை முகர்ந்துவிட்டு, மடித்துத் திருப்பித் தருவார்.